ஆகஸ்ட் 9 என்று தேதியிட்ட பக்கம்

தம்பி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், நன்றியுரைப் பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பியிருந்தான். "என் படிப்புக்காகத் தன் படிப்பையும் கனவையும் விட்டுக்கொடுத்த அக்காவுக்கு" என்று அது தொடங்கியது. அடுத்த வரியில் நெறியாளர், அதற்கடுத்து நண்பர்கள், கடைசி வரியில் அம்மாவும் மறைந்த அப்பாவும். எழுத்துப்பிழை ஏதும் இல்லை. "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான்கு நாட்கள் ஆகியும் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகும் 'விட்டுக்கொடுத்த' என்ற சொல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஒன்றை விடுவதைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! கைவிடுவது வேறு, விட்டுவிடுவது வேறு, விட்டுப்போவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. கைவிட்டவர் மீது பழி உண்டு. விட்டுப்போனதற்கு யார் மீதும் பழி இல்லை. விட்டுக்கொடுத்தவருக்கோ மரியாதை உண்டு. பதினாறு ஆண்டுகளாக என் குடும்பமும் உறவும் எனக்குக் கொடுத்து வந்திருப்பது அந்தக் கடைசிச் சொல்லுக்குரிய மரியாதை. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அது நம் கையில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்போது அது என் கையில் இருந்ததா என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்று உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த கதை சுருக்கமானது. நான் கணிதத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, செப்டம்பர் 2 அன்று, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சு குழறியது. தம்பி அப்போது பள்ளியில் இருந்தான். வீட்டில் சம்பாதித்தவர் அப்பா ஒருவர்தான். நான் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினைந்து வயதிலிருந்து கணித ஆய்வாளராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், குடும்பத்துக்காக அந்தக் கனவைத் தூக்கி வைத்துவிட்டாள். இதில் ஒரு தகவல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் இது கலையாமல் நின்றது.

பரணில் இருந்த பெட்டியை இறக்கி, ரியல் அனாலிசிஸ் என்ற பகுப்பாய்வுப் பாடத்தின் பழைய நோட்டைத் தேடி எடுத்தது ஐந்தாம் நாள். நீல அட்டை, ஓரங்கள் வெளுத்து நார் நாராகியிருந்தன. முதல் ஐம்பது பக்கங்களில் எழுத்து உருண்டையாக, ஒவ்வொரு வரியும் ஒரே அளவில் இருக்கிறது. போகப் போக அடித்தல்கள் கூடுகின்றன. பிறகு ஒரே தேற்றத்தின் நிறுவலை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் ஆகஸ்ட் 9 என்று தேதி. பாதிப் பக்கம் வரை குறியீடுகள். அதன் பிறகு, 'ஆகவே' என்பதைக் குறிக்க நாங்கள் வைக்கும் மூன்று புள்ளிகள். அந்த மூன்று புள்ளிகளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. நோட்டில் எஞ்சிய பக்கங்கள் அனைத்தும் வெற்றுப் பக்கங்கள். ஆகஸ்ட் 9-க்கும் செப்டம்பர் 2-க்கும் இடையே இருபத்து நான்கு நாட்கள் இருக்கின்றன. அந்த இருபத்து நான்கு நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எப்சிலானும் டெல்டாவும்

முதலாண்டில் ரியல் அனாலிசிஸ் தாளில் நான் தேறவில்லை. மாணவர்கள் அரியர் என்று சொல்வார்களே, அது எனக்கு முதன்முதலாக விழுந்தது அந்தத் தாளில்தான். வீட்டில் சொல்லவில்லை. பள்ளியில் 'கணக்குப் புலி' என்று பெயரெடுத்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கல்லூரி இளங்கலை வரையிலும் கணிதம் எனக்குக் கைப்பழக்கமாகவே இருந்தது. மாதிரிக் கணக்கைப் பார்த்தால் அடுத்த கணக்கைப் போட்டுவிடுவேன், அதற்கு நூறு மதிப்பெண் கிடைக்கும். அப்படி வாங்கிய மதிப்பெண்களைத்தான் எல்லோரும் திறமை என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

பகுப்பாய்வு அந்தக் கைப்பழக்கத்தை ஏற்கவில்லை. அங்கே எனக்குத் தடுக்கிய இடத்தை இன்றும் துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு சார்பு, அதாவது ஓர் எண்ணை உள்ளே இட்டால் ஓர் எண்ணை விடையாகத் தரும் விதி, தொடர்ச்சியானது என்றால், எப்சிலான் என்ற சிறிய அளவு எதை நீங்கள் கொடுத்தாலும், ஒவ்வொரு புள்ளியிலும் அதற்குத் தக்க டெல்டா என்ற ஒரு சிறிய அளவை நான் காட்ட வேண்டும்; உள்ளே இடும் எண் டெல்டாவுக்குள் நகர்ந்தால் விடை எப்சிலானுக்குள்ளேயே நகர வேண்டும். சீரான தொடர்ச்சி என்றால், எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே டெல்டாவைக் காட்ட வேண்டும். 'ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு' என்பதற்கும் 'எல்லாவற்றுக்கும் ஒன்றே உண்டு' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது என்பதும், எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரே சாவி இருக்கிறது என்பதும் ஒன்றல்லவே. வாய்மொழியாகக் கேட்டால் உடனே புரியும். குறியீடுகளின் வரிசையில், எது முதலில் வருகிறது, எது எதைப் பொறுத்து மாறுகிறது என்று நிறுவலுக்குள் இறங்கும்போது எனக்குத் தரை நழுவியது. ஒன்றை x-ஆல் வகுத்துப் பெறும் 1/x என்ற சார்பு, பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே தொடர்ச்சியாக இருந்தும் சீரான தொடர்ச்சியற்றது என்பதை மனப்பாடம் செய்தேன். ஏன் என்று கேட்டால் திணறினேன். வகுப்பில் இரண்டு பேர் பேராசிரியர் எழுதி முடிப்பதற்கு முன்பே அடுத்த வரியைச் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படிப்பு கடினமாக இருப்பது ஒரு வேதனை. நாம் எதற்காகப் பிறந்தோம் என்று நம்பியிருந்தோமோ, அந்தப் படிப்பே கடினமாக இருப்பது வேறு வகையான வேதனை. முதலாவதை ஒருவர் அடுத்தவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்வதற்கு, சொல்பவர் முதலில் தான் யார் என்பதையே மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஆகஸ்டின் மிச்ச நாட்கள் முழுவதும் நூலகத்துக்குப் போய், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று புள்ளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுதேர்வு நவம்பரில். அதிலும் தேறமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு ஆறுதல் சொல்ல விரும்பியவர்கள் ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் வையர்ஷ்ட்ராஸின் கதையைச் சொல்வதுண்டு. எப்சிலான், டெல்டா என்ற அந்த மொழியை இன்றுள்ள கறாரான வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய தந்தை மகன் அரசு நிர்வாகப் பணிக்குப் போக வேண்டும் என்று விரும்பி, 1834-இல் அவரைச் சட்டமும் நிதியும் படிக்க பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து மகன் பட்டம் பெறாமலேயே திரும்பினார். பிறகு ஆசிரியப் பயிற்சி பெற்று, பல ஆண்டுகள் சிறிய ஊர்ப் பள்ளிகளில் கணிதத்தோடு உடற்பயிற்சியும் கையெழுத்துப் பயிற்சியும்கூடக் கற்றுக்கொடுத்தார். 1854-இல் அவருடைய ஒரு கட்டுரை வெளிவந்தது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1856-இல் பெர்லினுக்குப் போனார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. கனவு காத்திருக்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

அன்போடு சொல்லப்பட்ட கதைதான். ஆனால் அது என் கதை இல்லை. வையர்ஷ்ட்ராஸைத் தடுத்தது தந்தையின் விருப்பமும் பிடிக்காத பாடமும். கணிதம் அவரை ஒருநாளும் தோற்கடிக்கவில்லை. பள்ளிக்கூட வேலை முடிந்து இரவில் அவர் உட்கார்ந்தபோது அந்த மூன்று புள்ளிகளுக்குப் பிறகு என்ன எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வரும் தடையையும் பாடத்துக்குள்ளேயே வரும் தடையையும் ஒன்றாகக் கட்டி 'சூழ்நிலை' என்று பெயரிடுவது எளிது. நானும் அதைத்தான் செய்தேன்.

தொலைபேசி வந்த இரவு

செப்டம்பர் 2 இரவு பத்து மணிக்குமேல் விடுதிக்குத் தொலைபேசி வந்தது. அம்மாவின் குரலில் அழுகை இல்லை. "உடனே கிளம்பி வாம்மா" என்பதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. விடிய விடியப் பேருந்தில் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்பா பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். அந்த வேண்டுதல் உண்மை. அந்த அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. பயணத்தின் ஏதோ ஓர் இடத்தில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 'இனி அந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை' என்ற நினைப்பு வந்தது. அது வந்ததும் மார்பில் கனமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அது இறங்கியதை உணர்ந்த அதே நொடியில் அதை மூடிவிட்டேன். பதினாறு ஆண்டுகள் மூடியே இருந்தது.

1978-இல் ஸ்டீவன் பெர்கிளாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையைப் பின்னாளில் வாசித்தேன். பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டினார்கள். இரண்டாம் சுற்றுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று திறனைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்று விளக்கப்பட்டது. எப்படி வென்றோம் என்று தெரியாமலேயே பாராட்டுப் பெற்ற ஆண்களில் பலர், திறனைக் குறைக்கும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் தோற்றால் பழி மருந்தின் மேல் போகும். முதல் சுற்றின் பாராட்டு காயப்படாமல் இருக்கும். வாசித்ததும் புத்தகத்தை மூடிவைத்தேன். நான் எந்த மருந்தையும் தேடிப் போகவில்லை. அப்பாவின் நோயை நான் அழைக்கவில்லை. ஆனால் அது வந்தபோது, அதைப் பற்றிக்கொண்ட என் கையின் இறுக்கம் எனக்குத் தெரியும். 'கணக்குப் புலி' என்ற பெயர் காயப்படாமல் தப்பித்துக்கொண்டது.

இதை எழுதும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் ஒரு பாதிக் கதையாகிவிடும். அந்தத் தாளில் நான் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்த ஆண்டு படிப்பை நிறுத்தியிருப்பேன். மருத்துவச் செலவும் வீட்டு வாடகையும் காத்திருக்கவில்லை. ஆகவே குடும்பம் என்ற காரணமும் உண்மை, படிப்பு என்ற காரணமும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கே வழியில்லை. என் குற்றம் இரண்டில் எதையும் கற்பனை செய்ததல்ல. இரண்டில் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொன்னேன். அப்படிச் சொன்னதன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

அந்த வேறொருவர் அப்பா. பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு, விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம், என் கையைத் தன் இடக்கையால் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நெடுநேரம் ஆகும். "உன் படிப்ப... நான்தான்... கெடுத்துட்டேன்மா." நான் ஒவ்வொரு முறையும் "அதெல்லாம் பழைய கதைப்பா, விடுங்க" என்பேன். ஆறுதல்போல ஒலிக்கும் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். 'பழைய கதை' என்றால் அப்படி ஒன்று நடந்தது என்று பொருள். 'விடுங்க' என்றால் மன்னித்துவிட்டேன் என்று பொருள். இல்லாத குற்றத்துக்கு நான் அவரை மன்னித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தேன்" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். பத்து ஆண்டுகள் அவகாசம் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

தம்பி அனுப்பிய பக்கத்தில் அப்பாவின் பெயர் கடைசி வரியில் இருந்தது என்று சொன்னேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான் என்று நோட்டைக் கையில் வைத்திருந்த அந்த ஐந்தாம் நாளில்தான் புரிந்தது.

கரோலினின் குரல்

குடும்பத்தால் திசை மாறியவர்களில் என் மனம் அடிக்கடி போய் நிற்பது வானியலாளர் கரோலின் ஹெர்ஷலிடம். 1750-இல் ஹனோவரில் பிறந்தவர். சிறு வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி நின்றுவிட்டது. வீட்டு வேலைக்கே அவர் வேண்டும் என்று தாய் நினைத்தார். அண்ணன் வில்லியம் 1772-இல், அவருக்குப் பதிலாக ஒரு வேலையாளை அமர்த்தத் தாய்க்குப் பணம் ஏற்பாடு செய்துவிட்டு, தங்கையை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார், பாட்டுக் கற்றுக்கொடுத்தார். அவர் மேடையில் தனிக்குரல் பாடும் பாடகியாக வளர்ந்தார். பிறகு அதே அண்ணன் 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு மன்னரின் வானியலாளராகி, அவர்கள் வாழ்ந்துவந்த பாத் நகரை விட்டுப் போனபோது, தங்கையின் பாட்டும் அங்கே முடிந்தது. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் வேலை அவருக்கு வந்தது. 1786-இல் தானே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார், 1797-க்குள் எட்டு. 1787 முதல் அரண்மனை அவருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு ஊதியம் கொடுத்தது.

கரோலின் பாட்டை விட்டுக்கொடுத்தாரா, விட வைக்கப்பட்டாரா, அல்லது விட்டுப்போயிற்றா? வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் அவருடைய வால்மீன்களை எண்ணுகின்றன; அவர் பாடாமல் போன ஆண்டுகளை எண்ணுவதில்லை. ஒரே குடும்பம், அதே அண்ணன், ஒரு கனவைக் கொடுத்து, அதை எடுத்து, வேறொன்றைக் கையில் வைத்தது. இதில் யாருக்கு நன்றி, யார் மீது பழி? ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாத இடம் இது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்னை முதன்முதலில் கணக்கில் உட்காரவைத்தவர் அப்பா. ஐந்து வயதில் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லி, நான் சொன்னதும் வீடு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியவர் அவர்.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பீட்டு நிறுவனத்தில் வயதுவாரி இறப்பு அட்டவணைகளோடு எனக்கு நாள்தோறும் பழக்கம். பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-இல் அப்படிப்பட்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டவர், வால்மீனுக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலி. அந்த எண்களோடு வேலை செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. சேர்ந்த புதிதில் பிடிக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் பிடித்துப்போயிற்று. இதை வெளியே சொல்லவும் தயங்கியிருக்கிறேன். கனவை இழந்தவள் வேலையில் மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயருக்காகக் கொஞ்சம் வருத்தத்தைக் கடைசி வரை தாங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

ஆறாம் நாள் தம்பிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அந்த ஆகஸ்ட் 9 பக்கத்தைப் படமெடுத்துக் கூடவே அனுப்பினேன். அரியர், நூலகம், பேருந்து, அப்பாவுக்கு நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாட்கள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு கூப்பிட்டான். "அக்கா, அந்த மூணு புள்ளிக்கு அப்புறம் என்ன வரணும்?" என்றுதான் முதலில் கேட்டான். சொன்னேன். இரு முனைகளும் அடங்கிய ஒரு கோட்டுத்துண்டில் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு அங்கே சீரான தொடர்ச்சியும் உடையது என்பதுதான் அந்தத் தேற்றம். புள்ளிக்கொன்றாக வரும் எண்ணற்ற சிறு இடைவெளிகளில் முடிவுள்ள சிலவே அந்தத் துண்டு முழுவதையும் மூடப் போதும். எண்ணற்ற டெல்டாக்களுக்குப் பொதுவாகப் பூஜ்ஜியத்துக்கு மேல் ஓர் அளவு இல்லாமல் போகலாம், ஆனால் சில டெல்டாக்களில் மிகச் சிறியது என்று ஒன்று நிச்சயம் உண்டு. அதுவே எல்லாப் புள்ளிகளுக்கும் போதும். இது எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்டான். வேலைக்குச் சேர்ந்து நான்காம் ஆண்டு, தேர்வு ஏதும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஆனா ஃபீஸ் கட்டினது நீதானே? அதை எழுதலாம்ல?" என்றான். எழுதலாம் என்றேன். அப்பாவை மட்டும் முதல் வரிக்குக் கொண்டுவரும்படி கேட்டேன்.

அம்மாவிடம் நேரில் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அதெல்லாம் இல்ல, நாங்கதான் உன்னைப் படிக்க விடாம பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நோட்டைக் காட்டினேன், தேதியைக் காட்டினேன். பார்க்க மறுத்தார். பதினாறு ஆண்டுகளாக என்னிடம் அம்மா காட்டி வந்த கூடுதல் கனிவு, என் தட்டுக்கு முதலில் பரிமாறியது, என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதது, எல்லாம் அந்தக் கடன் உணர்விலிருந்து வந்தவை. அதை ஒரு மாலைப்பொழுதில் பொய்யென்று சொல்லிப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றியது. இன்றுவரை அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னது தவறு என்று நினைக்கவில்லை.

சென்ற வாரம் ஆய்வேடு கட்டு போட்டு வந்தது. தம்பி பள்ளியில் படித்த நாட்களில், அப்பா கட்டிலில் அவன் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்கத் தன் இடக்கையை விரித்துப் பக்கத்தின் மேல் வைத்திருப்பார். பக்கம் புரட்ட வேண்டும்போது தம்பி அந்தக் கையை மெல்லத் தூக்குவான். நன்றியுரையின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "என் புத்தகத்தை இடக்கையால் பிரித்துப் பிடித்திருந்த அப்பாவுக்கு." இரண்டாம் வரி: "என் கட்டணங்களைக் கட்டிய அக்காவுக்கு." அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து, இரண்டு வரிகளையும் மெதுவாக வாசித்தார். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்து, "அக்கா வரி ஏன்டா கீழ போச்சு?" என்று கேட்டார்.